கிரயம் முடியும்வரை அப்பாவுக்கு ஷிப்ட்

ஒரு வீடு வாங்கி முடிக்க எவ்வளவு நாளாகும் என்று யார் கேட்டாலும் தரகர் குருமூர்த்தியிடம் ஒரே பதில்தான் இருக்கும். "மூணே மாசம் சிஸ்டர். அதுக்கு மேல ஒரு நாள் ஆச்சுன்னா என்னைக் கேளுங்க." என் கணவர் ஸ்டெபின் இதை நம்பினார். நான் நம்பவில்லை. ஆனால் வீடு விஷயத்தில் அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வீடு ஜூஜுவாடியில் இருந்தது. கர்நாடக எல்லைக்குப் போகிற லாரிகள் ராத்திரி பகல் பார்க்காமல் ஹாரன் அடிக்கிற இடம். இரண்டு படுக்கையறை, ஒரு பூஜையறை, பின்னால் துவைக்கிற கல். பூஜையறையைச் சாராளுக்குப் படிக்கிற அறையாக்கிவிடலாம் என்றார் ஸ்டெபின். சாராள் எங்கள் மகள், ஆறாம் வகுப்பு. வீடு பார்க்கப் போன அன்று அளவு டேப்பை மறந்துவிட்டு, வாஷிங் மெஷின் வைக்கிற இடத்தை ஜாணால் அளந்தார். "நாலு ஜாண், போதும்ல?" என்று என்னைக் கேட்டார். உங்கள் ஜாணா என் ஜாணா என்று கேட்டேன். சிரித்தார்.

பங்குனியில் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதினோம். வில்லங்கச் சான்று எடுத்தார்கள், மூலப்பத்திரம் பார்த்தார்கள். பிறகு வங்கி வக்கீல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். வீடு, காலமான கங்கப்பன் என்பவரின் பெயரில் இருந்தது. அவருக்கு இரண்டு வாரிசுகள். மகன் சென்னகிருஷ்ணன் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் தோட்டத்தில் இருந்தார், அவர்தான் எங்களோடு பேசி விலை முடித்தவர். மகள் காவேரி எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டவர். மகளும் கையெழுத்துப் போட்டால்தான் கிரயம் செல்லும் என்றார் வக்கீல்.

"தங்கச்சிதானே, கூப்ட்டா வந்து போட்டுட்டுப் போறா" என்றார் சென்னகிருஷ்ணன்.

காவேரி அக்கா ஜூஜுவாடி வீட்டுக்கு வந்தார். எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். கையெழுத்து மட்டும் போட மாட்டேன் என்றார்.

"போட மாட்டேன்னு இல்ல. கௌரி பண்டிகை முடியட்டும். கல்யாணமாகி வருசா வருசம் கௌரி பூஜைக்கு இந்த வீட்டுக்குத்தான் வரேன். எங்க ஆளுங்கள்ல பொறந்த வீட்டுலேருந்து முறத்துல வெச்சு பாகினம்னு சீர் குடுப்பாங்க. வீடு வித்துட்டா அப்புறம் நான் எங்க வந்து நிக்கறது?"

"தோட்டத்து வீட்டுக்கு வாயேன், நான் இல்லயா?" என்றார் அண்ணன்.

"அது அண்ணி வீடு. அது எனக்கு தவரு மனெ, பொறந்த வீடு, ஆவாது. ஒரே ஒரு தடவ, கடைசியா, எங்கப்பா வீட்டுல பூஜ பண்ணிக்கறேன். பண்டிக முடிஞ்ச மறுநாளே வந்து போட்டுத் தரேன்."

அப்போது சித்திரை. கௌரி பண்டிகை ஆவணியில், பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள். நடுவில் ஆடி வேறு. ஆடியில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஈ காக்கை இருக்காது, அப்போதே முடித்துவிடலாமே என்று நான் கேட்டேன். அண்ணன், தங்கை, குருமூர்த்தி மூன்று பேரும் என்னை, பாவம் கிறிஸ்தவப் பெண், விவரம் தெரியாது என்கிற மாதிரி பார்த்தார்கள். ஸ்டெபின்தான் சரி என்றார். "போகட்டும் எவாஞ்சி. அவங்க அப்பா வீடு. நமக்கும் லோன் ஆக நாளாகும்."

வைகாசியில் ஸ்டெபின் இறந்துபோனார். கம்பெனி கேன்டீனில், இரண்டாவது ஷிப்ட்டில். தட்டை வைத்துவிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். நெஞ்சு என்றார்கள். அவருக்கு நாற்பத்திரண்டு வயது.

நான் அழவில்லை என்று சொன்னால் கல்நெஞ்சக்காரி என்பார்கள். அழவில்லை. என்னவோ பல் பிடுங்குகிற இடத்தில் ஊசி போட்ட மாதிரி உடம்பு முழுக்க மரத்துப்போயிருந்தது. சபையில் பாஸ்டர் என்னைப் பாராட்டினார். சிஸ்டர் விசுவாசத்தில் நிற்கிறார்கள், சகோதரனுக்குப் பரலோகத்தில் வீடு ஆயத்தமாகிவிட்டது என்றார். அங்கே வாரிசு கையெழுத்து, வில்லங்கச் சான்று எதுவும் கேட்க மாட்டார்கள்போல, அவருக்கு ஒரே நாளில் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடக்கத்தன்று நினைக்கிற நினைப்பா இது என்றும் தோன்றியது. அதற்கும் வருத்தம் வரவில்லை.

அடக்கம் முடிந்த வாரத்தில் குருமூர்த்தி வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். பையை ஓரமாக வைத்துவிட்டு, "வீடு வேணுங்களா, வேணாங்களா?" என்று கேட்டார்.

வேண்டும் என்றேன். எனக்கு வேறு வழி இல்லை. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன், ஆவணிக்குள் காலி செய்துவிடுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். வேறு வாடகை வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. அவர் இல்லை என்றதும் முகம் மாறும். தனியாக இருக்கிற பெண்ணுக்குக் கொடுக்க யோசனையாக இருக்கிறது என்று ஒரு அம்மா நேராகவே சொன்னார். இந்த வீடும் போய்விட்டால் நானும் சாராளும் எங்கே போவது என்று எனக்குத் தெரியாது.

"அப்டின்னா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக்கூடாது" என்றார் குருமூர்த்தி. "சார் போனத அவங்களுக்குச் சொல்ல வேணாம். சென்னகிருஷ்ணன் சாஸ்திரம் பாக்கற ஆளு. அட்வான்ஸ் குடுத்த கையோட மனுசன் போயிட்டாருன்னு தெரிஞ்சா, வீட்டுக்கு ராசி இல்லன்னு பேராயிடும்னு பயந்துக்குவாரு. பரிகாரம், அது இதுன்னு ஒரு வருசம் இழுப்பாரு. இல்லன்னா கிரயமே வேணாம்னுடுவாரு. வீட்டம்மா பேர்ல மட்டும் எழுதிக்கறாங்கன்னு நான் சொல்லிக்கறேன். கையெழுத்து ஆவற வரைக்கும் சார் ஷிப்ட்ல இருக்கட்டும்."

இப்படித்தான் ஸ்டெபின் ஷிப்ட்டுக்குப் போனார்.

என்னைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் சபையில் தாலி கிடையாது, மெட்டி கிடையாது, பொட்டும் பூவும் கிடையாது. கல்யாணத்தன்றும் என் கழுத்து இப்படித்தான் இருந்தது. புருஷன் செத்தும் என் உடம்பிலிருந்து கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அவருடைய நண்பர்கள் அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஜூஜுவாடிப் பக்கம் ஒட்ட வேண்டாம் என்று குருமூர்த்தி ஆளனுப்பிச் சொல்லிவிட்டார். ராம் நகரிலும் சிப்காட் வாசலிலும் ஒட்டினார்கள். நான் வேலைக்குப் போகிற கம்பெனி பஸ் அந்தப் போஸ்டர்களைத் தாண்டித்தான் போகும். மழையில் ஒவ்வொன்றாக உரிந்தன.

எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். அவருடைய கம்பெனி சேர வேண்டிய பணத்தைத் தாமதிக்காமல் கொடுத்தது. அதனால் கடன் சிறிதாகி என் சம்பளத்துக்கே கிடைத்துவிட்டது. "இப்ப ஃபைல் ரொம்ப கிளியரா இருக்கு மேடம்" என்றான் வங்கியில் இருந்த நவீன்குமார் என்கிற பையன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். பரவாயில்லை என்றேன். நிஜமாகவே பரவாயில்லாமல்தான் இருந்தது.

காவேரி அக்கா அடிக்கடி போன் செய்வார். வீட்டு வரி ரசீது கிடைத்ததா, மோட்டார் ரிப்பேர், அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன் என்று ஏதாவது இருக்கும். முடிக்கும்போது ஸ்டெபினைப் பற்றி "அண்ணா எப்பிடி இருக்காரு?" என்பார். "நல்லா இருக்காருக்கா. இந்த வாரம் நைட் ஷிப்ட்டு" என்பேன். முதல் தடவை போனை வைத்ததும் போய் முகம் கழுவினேன். பிறகு பழகிவிட்டது. வாரத்துக்கு ஒன்றாக ஷிப்ட் மாற்றிச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். சில நாள் சொல்லி முடித்த பிறகு, ஆமாம், நைட் ஷிப்ட் என்றால் காலையில் டிபன் வைக்க வேண்டுமே என்று ஒரு நொடி யோசனை ஓடும்.

சாராளையும் பழக்கினேன். அந்த வீட்டு ஆட்கள் யார் கேட்டாலும் அப்பா ஷிப்ட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்றேன். "எதுவரைக்கும்?" என்று கேட்டாள். கிரயம் முடியும்வரை என்றேன். கிரயம் என்றால் என்ன என்று கேட்டாள். வீடு நம்முடையதாவது என்றேன். தலையாட்டிவிட்டு ஹோம்வொர்க் எழுதப் போய்விட்டாள். அவளும் அப்பாவுக்காக அழவில்லை. என் பிள்ளை என்னைப் போலவே இருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் அதை நோண்டவில்லை.

ஆடி போனது. ஆவணி வந்தது. வாடகை வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து கல்யாணப் பத்திரிகையைக் காட்டாத குறையாக நின்றுவிட்டுப் போனார். கௌரி பண்டிகைக்கு முந்தின நாள் காவேரி அக்கா போன் செய்தார்.

"நாளைக்கு நீ கண்டிப்பா வரணும். அந்த வீட்டுக்கு வரப்போற பொம்பள நீதான். நான் பூஜ பண்ணி மொதல் பாகினம் உனக்குத்தான் குடுப்பேன்னு வேண்டிக்கினேன். உங்க சாமி ஒண்ணும் சொல்லாது. வா."

குருமூர்த்தியிடம் கேட்டேன். "போயிட்டு வந்துடுங்க சிஸ்டர். ஒரு முறம், நாலு வளையல். வாங்கி ஓரமா வெச்சிட்டாப் போச்சு. மறுநாள் சதுர்த்தி லீவு, அதுக்கடுத்த நாள் பதிவுக்கு டோக்கன் போட்டாச்சு. இவ்வளவு தூரம் வந்துட்டு இப்பக் கெடுத்துக்காதீங்க."

சாராளைக் கூட்டிக்கொண்டு போனேன், குருமூர்த்தியும் வந்திருந்தார். பூட்டிக் கிடந்த வீட்டைக் கழுவி மாவிலை கட்டியிருந்தார்கள். சென்னகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாழைக்கன்று நட்டுக்கொண்டிருந்தார். காவேரி அக்காவின் கணவர் எல்லப்பன், கிருஷ்ணகிரி ரோட்டில் லாரி ஓட்டுகிறவர், பண்டிகைக்காக வண்டியை குருபரப்பள்ளியில் விட்டுவிட்டு வந்திருந்தார். வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி சாராளுக்கும் ஒரு பிடி கொடுத்தார். பூஜையறையில் மஞ்சளில் பிடித்த கௌரி. அதன் முன்னால், மஞ்சள் பூசிய முறங்கள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து மூடியவை.

காவேரி அக்கா பச்சைப் பட்டில் இருந்தார். என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். "உங்க ஆளுங்களுக்குத் தாலி கெடையாதாமே, குருமூர்த்தி சொன்னாரு. கெடக்குது. வளையல் மட்டும் போட்டுக்க." முறத்தில் என்னென்ன இருக்கிறது என்று மேலே மூடியதைத் திறந்து காட்டினார். அரிசி, துவரம்பருப்பு, வெல்லம், தேங்காய், மஞ்சள் குங்குமம், கருகமணி, சீப்பு, கண்ணாடி, ரவிக்கைத் துணி.

"இது சும்மா சீர் இல்ல. புருசனோட இருக்கறவ, புருசனோட இருக்கறவளுக்குக் குடுக்கறது. உன் வீட்டுக்காரரும் நல்லா இருக்கணும், இவரும் ரோட்டுல பத்திரமா போய் வரணும். தினம் அந்த பயத்துலதான் தூங்கறேன்."

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. முறத்தை வாங்கினால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று எனக்குத் தெரியும். கையை நீட்டலாம் என்றுதான் நின்றேன். காவேரி அக்கா முந்தானையை முறத்தின் மேல் போர்த்தி இரண்டு கையாலும் தூக்கினார். அப்போது வாசலில் எல்லப்பன் சாராளிடம் பேசுவது கேட்டது.

"அப்பா வரலியா பாப்பா?"

"ஷிப்ட்டுக்குப் போயிருக்காரு" என்றாள் சாராள்.

"பண்டிகன்னைக்குமா?"

"ஆமா அங்கிள். நைட்டு லேட்டாத்தான் வருவாரு. வரும்போது எனக்கு பரோட்டா வாங்கிட்டு வரேன்னு சொன்னாரு. பார்சல். ரெண்டு சால்னா."

ஷிப்ட் என்று சொல்லத்தான் நான் பழக்கியிருந்தேன். பரோட்டா அவளாகச் சேர்த்தது. கொஞ்சமும் தடுமாறாமல், கடலையை மென்றுகொண்டே சொன்னாள். நீட்டப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். மரத்துப்போயிருந்த உடம்பு தானாக ஒன்றைச் செய்தது இவ்வளவு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"அக்கா, எனக்குக் குடுக்காதீங்க" என்றேன். "அவரு செத்துட்டாரு."

காவேரி அக்கா புரியாமல் பார்த்தார். "யாரு?"

"சாராளோட அப்பா. வைகாசியிலயே. நான்தான் பொய் சொன்னேன்."

வாசலில் குருமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டது உள்ளேயிருந்தே தெரிந்தது. முறம் எனக்கும் காவேரி அக்காவுக்கும் நடுவில் அப்படியே நின்றது. பிறகு காவேரி அக்கா அதை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, கௌரியின் முன்னால் கீழே வைத்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"உனக்கு இதக் குடுக்க முடியாதும்மா" என்றார். குரல் கரகரத்தது. "எங்க வழக்கம் அப்பிடி. நீ போய் வெளிய உக்காரு."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அவமானமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி இல்லை. ஸ்டெபின் போனதிலிருந்து எல்லோரும் எனக்கு எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கம்பெனி பணம் கொடுத்தது, வங்கி கடன் கொடுத்தது, சபை பாராட்டு கொடுத்தது. அவர் இல்லை என்பதற்காக என் கைக்கு வந்த ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டது இந்த அம்மா மட்டும்தான். அவர் செத்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாராள் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். அவள் கையில் கடலைத் தோல் இருந்தது.

உள்ளே சென்னகிருஷ்ணன் சத்தம் போட்டார். "இத்தன நாளு நம்மள ஏமாத்திக்கினு இருந்திருக்காங்கோ. அட்வான்ஸ் வாங்கி ரெண்டு மாசம் கூட ஆவல, ஆளு காலி. எந்த நேரத்துல கை நீட்டினனோ. வேணாம் இந்தக் கிரயம். பணத்தத் திருப்பிக் குடுத்துடறேன்."

குருமூர்த்தி சமாதானம் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் எழுந்திருக்கவில்லை. வீடு போய்விட்டது என்று தெரிந்தது. ஆவணி முடிய ஒரு வாரம்கூட இல்லை. பெட்டி படுக்கையோடு எங்கே போவது என்று யோசிக்க வேண்டும். யோசனை வரவில்லை.

பூஜை நடந்தது. மணி அடித்தது. காவேரி அக்கா பூஜைக்கு வந்திருந்த எதிர்வீட்டுப் பெண்கள் இருவருக்கும் அண்ணிக்கும் பாகினம் கொடுத்தார். அவருக்கு அண்ணி கொடுத்தார். அவர்கள் வீட்டு வழக்கப்படி எல்லாம் குறையில்லாமல் முடிந்தது. அதன் பிறகு வெளியே வந்து எனக்கு எதிரே நின்றார்.

"அவரு பேரு என்ன?"

இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. வீட்டுக்காரர், சார், அண்ணா, அவ்வளவுதான். "ஸ்டெபின்" என்றேன்.

"மோர் குடுத்தப்ப ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சாரு" என்றார். பிறகு உள்ளே திரும்பி அண்ணனிடம் சொன்னார். "அண்ணா, என் கையெழுத்த நான் நாளன்னைக்கு வந்து போடறேன்."

"நான் போட்டாத்தானே."

"போடு. நம்ம வீடு ஒண்ணும் அந்த மனுசன அடிச்சுக் கொல்லல. நமக்குப் பயந்துக்கினுதான் இந்தப் புள்ள இப்பிடிப் பொய் சொல்லுது. செத்த அப்பன் பரோட்டா வாங்கிக்கினு வருவான்னு சொல்லுது. கேட்ட இல்ல? அந்தப் பாவம்தான் இந்த வீட்டுக்கு வேணாம்."

சென்னகிருஷ்ணன் வாழைக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

சதுர்த்திக்கு அடுத்த நாள் அண்ணனும் தங்கையும் பதிவு அலுவலகத்துக்கு வந்தார்கள். சென்னகிருஷ்ணன் என்னோடு பேசவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார். போட்டோ எடுத்தார்கள். விரல் வைத்தோம். வெளியே டீக்கடையில் காவேரி அக்கா சாவியை என் கையில் கொடுத்தார். கொடுத்த கையை உடனே எடுக்காமல் கொஞ்சநேரம் வைத்திருந்தார். "முடிஞ்சிது பாருங்க சிஸ்டர்" என்றார் குருமூர்த்தி. மூன்று மாதம் என்று சொன்னதை அவர் மறந்துவிட்டிருந்தார்.

அன்று சாயங்காலமே வீட்டைத் திறந்தோம். சாமான் மறுநாள்தான் வரும், நானும் சாராளும் துடைப்பமும் வாளியும் எடுத்துக்கொண்டு போயிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் காம்பவுண்டுச் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள். சரிதா என்று பெயர் சொன்னாள். ஊருக்குப் போயிருந்து அன்று காலையில்தான் வந்தாளாம், பண்டிகையன்று நடந்தது தெரியாது. எந்த கம்பெனி, எத்தனை பேர் என்று விசாரித்துவிட்டு சாராளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா எங்கம்மா, வரலியா?"

சாராள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, வீடு நம்முளுது ஆயிடுச்சுல்ல?"

"ஆயிடுச்சு."

"அப்ப சொல்லலாமா?"

சொல்லு என்றேன்.

அவள் சரிதாவின் பக்கம் திரும்பினாள். "எங்கப்பா செத்துட்டாரு ஆன்ட்டி" என்றாள். அதைச் சொல்ல இத்தனை நாள் அனுமதிக்காகக் காத்திருந்தவள், சொல்லி முடித்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஓடிப்போய்த் தூக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்பா வர மாட்டாரா, இனிமே அப்பா வரவே மாட்டாரா என்று கேட்டாள். வர மாட்டார் என்றேன். நானும் சத்தம் போட்டு அழுதேன்.